ஊமையாக்கப்படுதல்: புதுச்சத்திரத்திலிருந்து உலக ஆங்கிலம் பற்றிச் சில குறிப்புகள்

1

நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிற ஊர் புதுச்சத்திரம். முன்பு வாரணாசியிலிருந்து கன்னியாகுமரிக்கு வந்த ஏழாம் எண் சாலை இது. 2010-இல் எண்களை மாற்றியபோது ஸ்ரீநகரிலிருந்து வரும் நாற்பத்து நான்காம் எண் சாலையின் பகுதியாயிற்று. காலை எட்டு மணிக்கு இங்கு நின்றால் இரண்டு வகை வண்டிகளைப் பார்க்கலாம். ஒன்று, கல்லூரிப் பேருந்துகள். அவற்றின் முதுகில் 'உலகத் தரம்' என்கிற பொருளில் ஏதாவது ஒரு வாசகம் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். இன்னொன்று, வடக்கே போகிற லாரிகள். அவற்றின் முதுகில் குலதெய்வத்தின் பெயர் தமிழில் இருக்கும். உண்மையில் உலகத்துக்குப் போய்வருவது எந்த வண்டி என்கிற கேள்வியிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். ஆங்கிலம் கற்பித்தல் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கல்லூரியில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம் என்றுதான் பாடத்திட்டம் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரே மாணவர் தமிழ் வகுப்பில் பேசுவதையும், அடுத்த மணி அடித்ததும் வாயடைத்துப் போவதையும் பார்க்கிற இடத்தில் தமிழாசிரியன் இருக்கிறான். அந்த இடத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

என்னிடம் மூன்றாமாண்டு படித்த மாணவர் ஒருவர். பெயர் வேண்டாம். அப்பா லாரி ஓட்டுநர். வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர். வேலைக்கு ஆள் எடுக்க வந்த ஒரு நிறுவனத்தார் 'குழு விவாதம்' என்று எட்டுப்பேரை வட்டமாக உட்கார வைத்திருக்கிறார்கள். இவர் இருபது நிமிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. 'தொடர்புத் திறன்: இல்லை' என்று குறித்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் என்னிடம் வந்து நின்றார். "வாயே வரலீங்க சார். நான் என்ன ஊமைங்களா சார்?" என்றார். கல்லூரிக்கு இனி வரப்போவதில்லை, அப்பாவோடு வண்டிக்குப் போகப்போகிறேன் என்பதைச் சொல்லத்தான் வந்திருந்தார் என்பது பிறகே தெரிந்தது.

இதே மாணவர் அதற்கு மூன்று மாதம் முன்பு செய்த காரியம் ஒன்று எனக்குத் தெரியும். ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு போன அப்பாவின் வண்டி நாக்பூர் தாண்டி நின்றுவிட்டது. அப்பாவுக்கு ரோட்டுக்கும் சாப்பாட்டுக்கும் போதுமான இந்தி உண்டு. சரக்கை எதிர்பார்த்துக் காத்திருந்தவரோ ஆங்கிலத்தில் கத்தியிருக்கிறார். போன் மகனிடம் வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். "வெஹிகிள் ஸ்டாண்டிங் சார். கிளட்ச் பிளேட் ஃபுல் கான். டுமாரோ மார்னிங் ஒன்லி மெக்கானிக் கமிங். லோட் சேஃப் சார். ரெய்ன் நோ பிராப்ளம், தார்பாய் டூ லேயர்." அந்தப்பக்கம் குரல் இறங்கிவிட்டது. ஜவ்வரிசி நனைந்துவிடுமோ என்பதுதான் அவருடைய பயம். கேட்கப்படாத கேள்வியைக் கண்டுபிடித்து அதற்குப் பதில் சொன்னார் இந்தப் பையன். தொடர்பாடல் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தப் பாடநூலில் இருக்கிறது?

நாக்பூர்வரை பேசியவர் எப்படி நான்கு சுவருக்குள் ஊமையானார்? இதுதான் பிரச்சினை.

2

முதலில் கல்லூரி ஆங்கிலம் என்பது எப்படி உண்டானது என்று பார்க்கவேண்டும். 1835 பிப்ரவரியில் மெக்காலே தன் குறிப்பை எழுதினார். ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர்களாக ஒரு வர்க்கத்தை உருவாக்குவது அதன் வெளிப்படையான நோக்கம். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. ஆங்கில இலக்கியம் ஒரு பாடத்துறையாக இங்கிலாந்தில் நிலைபெறுவதற்கு முன்பே காலனிய இந்தியாவில் வேர்கொண்டது என்பதை கௌரி விஸ்வநாதன் 1989-இல் வெளியான தன் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். ஆகவே நம் வகுப்பறையில் ஆங்கிலம் தொடக்கத்திலிருந்தே பேசுவதற்கான மொழியாக வரவில்லை. வணங்குவதற்கும் ஒப்பிப்பதற்கும் உரிய பிரதியாகவே வந்தது.

வந்த வடிவம் இன்னும் பெரிதாக மாறிவிடவில்லை. பகுதி இரண்டில் உரைநடை சில, கவிதை சில, கொஞ்சம் இலக்கணம். மாணவர் வாங்குவது பாடநூலை அல்ல, 'கைடு'. அதிலிருக்கிற ஒரு பக்கப் பதிலை மனப்பாடம் செய்து எழுதினால் தேர்ச்சி. மூன்று வருடத்தில் அவர் தானாக யோசித்து எழுதிய ஆங்கில வாக்கியம் எத்தனை என்று எண்ணச் சொன்னேன். விரல்விட்டு எண்ணி ஆறு என்றார் ஒருவர். அதில் இரண்டு, விடுப்பு விண்ணப்பம்.

நாமக்கல் வட்டாரத்துக்கு இதில் தனி வரலாறு உண்டு. கோழிப்பண்ணைகளைப் பார்த்துப் பழகிய மக்களே இங்குள்ள விடுதிப் பள்ளிகளுக்கு 'பிராய்லர் பள்ளி' என்று பெயர் வைத்தார்கள். எந்தக் கோட்பாட்டாளரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது. குறித்த நாளுக்குள் குறித்த எடை. பொதுத்தேர்வுத் தரவரிசையை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-இல் நிறுத்தியபிறகு விளம்பரப் பலகைகள் மாறின, தீவனம் மாறவில்லை. அரசுப் பள்ளிகளிலும் 2012-13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. ஆங்கிலவழியில் படித்தவரும் ஆங்கிலத்தில் பேசுவதில்லை என்பதைப் பெற்றோர் தாமதமாகத்தான் கண்டுகொள்கிறார்கள்.

இந்தப் பின்னணியில்தான் 'உலகத் தொடர்பாடல்', 'வேலைவாய்ப்புத் திறன்' என்கிற புதிய சொல்லாடல் வந்திறங்குகிறது. 2020-21-இல் மாநில உயர்கல்வி மன்றம் இளங்கலை முதலாண்டுக்குத் தொழில்முறை ஆங்கிலம் என்று ஒரு பாடம் கொண்டுவந்தது. கலை, வணிகம், உயிரியல், இயற்பியல் சார்ந்த துறைகளுக்குத் தனித்தனிப் புத்தகம். 2022 மார்ச் 1-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்திலும் ஆங்கிலப் பயிற்சி சேர்க்கப்பட்டது. இவற்றை நான் கேலி செய்யமாட்டேன். கைடை மனப்பாடம் செய்வதைக் காட்டிலும் துறைசார்ந்து படிப்பது முன்னேற்றம்தான். ஆனால் இந்தச் சொல்லாடல் ஒன்றைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. ஆங்கிலமின்மை என்கிற சமூக நிலைமையை, மாணவர் ஒருவருடைய தனிப்பட்ட 'திறன்' குறைபாடாக மாற்றிவிடுகிறது. பள்ளி, சாதி, அப்பாவின் தொழில், நூலகம் இல்லாத ஊர் எல்லாம் மறைந்துபோய் 'தன்னம்பிக்கை போதவில்லை' என்று ஆகிவிடுகிறது. என் மாணவர் 'நான் ஊமையா' என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டதற்கு இதுதான் காரணம். அந்தக் கேள்வி அவர் வாயில் வைக்கப்பட்டது.

3

இங்கே இடதுசாரி, தமிழ்த்தேசிய நண்பர்கள் உடனே சொல்லக்கூடிய பதில் எனக்குத் தெரியும். ஆங்கிலம் ஏகாதிபத்தியத்தின் மொழி, தமிழ்வழிக் கல்விதான் தீர்வு என்பார்கள். ராபர்ட் பிலிப்சன் 1992-இல் 'மொழி ஏகாதிபத்தியம்' என்றே ஒரு நூல் எழுதினார். ஆங்கிலம் கற்பித்தல் என்கிற தொழிலே பிரிட்டன், அமெரிக்காவின் நலன்களோடு பின்னிப்பிணைந்தது என்பது அவர் வாதம். தமிழ்வழிக் கல்வியில் எனக்கும் உடன்பாடு உண்டு.

ஆனால் இந்த வாதத்தை நாம் யாருக்குச் சொல்கிறோம் என்பது முக்கியம். உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் பாங்கா என்கிற கிராமத்தில் 2010-இல் தலித்துகள் 'ஆங்கில தேவி'க்குக் கோயில் கட்டத் தொடங்கினார்கள். அதற்கு முன்நின்ற சந்திரபான் பிரசாத் மெக்காலேயின் பிறந்தநாளையும் கொண்டாடியவர். நமக்கு அது அபத்தமாகத் தெரியலாம். சமஸ்கிருதம் மறுக்கப்பட்ட, சொந்த வட்டார மொழியிலேயே இழிவுபடுத்தப்பட்ட ஒருவருக்கு ஆங்கிலம் சாதியின் சுவடு குறைந்த இடமாகத் தெரிவதில் என்ன அபத்தம்? பெரியார் ஆங்கிலத்தை ஆதரித்ததையும் இங்கே சேர்த்து யோசிக்கவேண்டும். நம் பிள்ளைகளை ஆங்கிலவழிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு லாரி ஓட்டுநர் மகனுக்கு ஏகாதிபத்தியம் பற்றி வகுப்பெடுப்பது, மன்னிக்கவும், அயோக்கியத்தனம்.

இந்த இரட்டைநிலையை மிகத் துல்லியமாகப் பதிவு செய்தவர் ஒரு தமிழர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, தன் முதலாண்டு வகுப்பு ஒன்றைப் பற்றி 1993-இல் கட்டுரை எழுதினார். 1999-இல் அது ஒரு நூலின் பகுதியாக விரிந்தது. ஆங்கிலம் தேவை என்று மாணவர்கள் சொன்னார்கள். ஆனால் வருகை குறைந்துகொண்டே போனது. பாடநூல் அமெரிக்காவில் தயாரானது. அதிலிருந்த வாழ்க்கைக்கும் வெளியே விழுந்துகொண்டிருந்த குண்டுகளுக்கும் சம்பந்தமில்லை. கனகராஜா மாணவர்களின் புத்தகங்களை வாங்கிப் பார்த்தார். பக்க ஓரங்களில் தமிழில் கிறுக்கல்கள், சினிமாப் பாட்டு வரிகள், போராளிகளின் படங்கள். பாடநூல் பேசாததையெல்லாம் மாணவர்கள் ஓரத்தில் பேசிவைத்திருந்தார்கள். மையத்தில் இருந்த பிரதிக்கு விளிம்பில் ஒரு எதிர்ப்பிரதி. ஆனால் அதே மாணவர்கள் தேர்வுக்கு வேண்டிய இலக்கண விதிகளை ஒழுங்காகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எதிர்ப்பும் இணக்கமும் ஒரே நோட்டில். ஆங்கிலத்தை மறுப்பதோ சரணடைவதோ தீர்வல்ல, அதைத் தன்வசப்படுத்துவதுதான் வழி என்று கனகராஜா போய்ச்சேர்ந்த இடம் நமக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

எங்கள் வட்டாரத்தில் இந்த இரட்டைநிலை ஒரு சின்னச் சொல்லில் இருக்கிறது. 'யூ'. கொங்குப் பேச்சில் 'ங்க' போடாமல் ஒரு வாக்கியத்தை முடிப்பது கஷ்டம். வாங்க, போங்க, சொல்லுங்க, ஆமாங்க. ஆசிரியரைப் பார்த்து 'யூ' என்று சொல்ல நாக்கு எழுவதில்லை, அது 'நீ' என்று காதில் விழுகிறது. "உங்களப் போயி எப்படீங்க சார் யூங்கறது?" என்று ஒரு மாணவி கேட்டாள். இலக்கணம் தெரியாததால் வந்த மௌனம் அல்ல இது, மரியாதை என்கிற அதிகார ஒழுங்கு உண்டாக்கிய மௌனம். ஆனால் அதே வகுப்பில் இன்னொரு மாணவர் வேறொன்றைச் சொன்னார். அவருடைய ஊரில் அவருடைய தாத்தாவை, தாத்தாவின் பேரன் வயதுள்ள பையன்கள் இன்னமும் 'வா, போ' என்கிறார்கள். "இங்கிலீஷ்ல எல்லாரும் யூதானுங்க சார். அது எனக்குப் புடிச்சிருக்கு." ஒருவரை ஊமையாக்குகிற அதே சொல் இன்னொருவருக்கு வாயைத் திறந்துவிடுகிறது. இந்த உரையாடல் தமிழ் வகுப்பில் நடந்தது. ஆங்கில வகுப்பில் நடந்திருந்தால் அன்றைக்கே இருவரும் பேசத் தொடங்கியிருப்பார்கள்.

4

இனி 'உலக ஆங்கிலம்' என்பது யாருடையது என்கிற கேள்வி. பிரஜ் கச்ரு என்ற காஷ்மீர மொழியியலாளர் 1985-இல் ஆங்கிலத்தை மூன்று வட்டங்களாகப் பார்த்தார். உள்வட்டம் பிரிட்டன், அமெரிக்கா போன்றவை. வெளிவட்டம் இந்தியா, நைஜீரியா, சிங்கப்பூர் போன்ற முன்னாள் காலனிகள். விரியும் வட்டம் சீனா, ஜப்பான் போன்றவை. இன்று ஆங்கிலத்தில் பேசுகிறவர்களில் பெரும்பான்மையோருக்கு அது தாய்மொழி கிடையாது. ஆக, நம் மாணவர் நாளைக்குப் பேசப்போவது லண்டன்காரரோடு என்பதைவிட ஒரு மராத்தியரோடு, ஓமான்காரரோடு, வியட்நாமியரோடு என்பதே அதிக சாத்தியம். வெள்ளைக்காரனைப்போல உச்சரிக்கக் கற்றுக்கொடுக்கிற பயிற்சி மையங்கள், அங்கே இல்லாத எசமானனுக்காக ஆட்களைத் தயார் செய்கின்றன.

அப்படியானால் எதைத் திருத்தவேண்டும், எதை விட்டுவிடலாம்? ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-இல் இதை ஆராய்ந்து நூல் எழுதினார். தாய்மொழி வெவ்வேறான இருவர் ஆங்கிலத்தில் பேசும்போது எந்தெந்த ஒலிப்பிழை பொருளைக் குலைக்கிறது என்று பார்த்தார். இவர் சொன்னவற்றைத் தமிழ் இலக்கணம் படித்த எவரும் எளிதாகப் புரிந்துகொள்ளலாம்.

குறில் நெடில் வேறுபாடு மிக முக்கியம் என்கிறார். 'ஷிப்' கப்பல், 'ஷீப்' ஆடு. பல மொழிக்காரர்கள் திண்டாடுகிற இந்த இடத்தில் நமக்குச் சிரமமே இல்லை. 'தேங்க்ஸ்' என்பதன் முதல் ஒலியை ஆங்கிலேயர்போல நாக்கை நீட்டிச் சொல்லத் தேவையில்லை என்கிறார். நம் 'த' போதும். ஆனால் சொல் முதலில் வரும் வல்லினம் தெளிவாக வேண்டும். இங்குதான் நமக்குச் சிக்கல். தமிழில் ஒலிப்புடைய வல்லினமும் ஒலிப்பிலா வல்லினமும் இடத்தைப் பொறுத்து மாறுகின்றனவே தவிரப் பொருளை மாற்றுவதில்லை. அதனால் எழுத்தும் ஒன்றே. 'பேக்' என்று தமிழில் எழுதினால் அது பையா, முதுகா, மூட்டைகட்டுவதா என்று தெரியாது. இதை மாணவருக்குத் தமிழில் ஐந்து நிமிடம் விளக்கினால் போதும். 'உனக்கு உச்சரிப்பு வராது' என்று ஐந்து வருடம் திட்டவேண்டியதில்லை.

அழுத்தமும் முக்கியம். 'நான்தான் வந்தேன்', 'நானே வந்தேன்' என்று நாம் இடைச்சொல் சேர்த்துச் சொல்வதை ஆங்கிலம் குரலை ஏற்றி அழுத்திச் சொல்கிறது. பிரிநிலை ஏகாரம் செய்கிற வேலையைத் தொண்டை செய்கிறது, அவ்வளவுதான். 'நேத்து வந்த பையன்' என்கிற பெயரெச்சத் தொடர் ஆங்கிலத்தில் தலைகீழாகி, பையன் முன்னே வந்து 'வந்த' பின்னே போகிறது. இப்படித் தமிழிலக்கணத்தின் வழியாக ஆங்கிலத்தைத் திறக்க முடியும். ஆனால் நம் கல்லூரிகளில் தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் ஒரே வராந்தாவில் இருந்தும் பேசிக்கொள்வதில்லை. 'வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம்' என்கிற பலகை இன்னும் சில இடங்களில் தொங்குகிறது. கற்பவரிடம் ஏற்கனவே இருக்கிற ஒரே கருவியைப் பிடுங்கிவிட்டு வேலை செய்யச் சொல்வது இது.

கற்பிக்கும் முறைக்கும் நாம் வெளியே போகவேண்டியதில்லை. 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு பெங்களூர், சென்னை, கடலூர் போன்ற ஊர்களின் பள்ளிகளில் ஒரு சோதனையை நடத்தினார். இலக்கணத்தைப் படிப்படியாகச் சொல்லித்தராமல் மாணவர்களுக்குத் தீர்க்கவேண்டிய வேலைகளைக் கொடுத்தார். ரயில் அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போகலாம் என்று முடிவெடு, வரைபடம் பார்த்து வழி சொல் என்பதுபோல. கவனம் பொருளில் இருக்கும்போது வடிவம் தானாகப் படியும் என்பது அவர் கொள்கை. 1987-இல் இதைப்பற்றி அவர் எழுதிய நூல் உலகெங்கும் ஆங்கிலம் கற்பிக்கிறவர்கள் படிக்கிற நூல். எந்த ஒரு முறையும் எல்லா வகுப்புக்கும் பொருந்தாது, தன் வகுப்புக்கான வழியை ஆசிரியரே கண்டெடுக்கவேண்டும் என்று 1994-இல் எழுதிய பி. குமாரவடிவேலு தமிழர். கனகராஜா யாழ்ப்பாணத்துக்காரர். உலகத்துக்கு ஆங்கிலம் கற்பிக்கும் விதத்தை மாற்றியவர்கள் நம் பக்கத்து வகுப்பறைகளிலிருந்து கிளம்பியிருக்கிறார்கள். நாமோ உலகத் தரம் எங்கிருந்தோ வரும் என்று சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

5

கடைசியாக நம்மைப் பற்றியும் சொல்லவேண்டும். தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982-இல் வந்தது முதல் சிறுபத்திரிகைகளில் நாம் பேசிய கோட்பாடுகள் பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து, அங்கிருந்து தமிழுக்கு வந்தவை. லிஃப்கோ அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பூக்கோவை ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் படித்தவன் நான். படிப்பேன், பேசமாட்டேன். கருத்தரங்கில் வெளிமாநிலத்தவர் வந்து கைகொடுத்தால் சிரித்துக்கொண்டே பின்வரிசைக்கு நகர்ந்துவிடுவேன். ஊமைத்தனம் என் மாணவரிடம் மட்டும் இருக்கிற நோயல்ல. கண்ணால் மட்டும் கற்ற நம் ஆங்கிலத்தை நாம் கோட்பாடு என்று சொல்லிச் சமாளித்தோம். அவருக்கு அந்த வசதி இல்லை.

அன்று அவரிடம் நான் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. "தம்பி, நாக்பூர்ல பேசுனத அப்படியே எழுதிக் கொண்டாங்க" என்றேன். கொண்டுவந்தார். இருவரும் உட்கார்ந்து அதை ஒரு கடிதமாக மாற்றினோம். வண்டி நின்றது ஏன், எத்தனை மணி நேரம், சரக்கு நனையவில்லை என்பதற்கு என்ன ஆதாரம், தாமதத்துக்காகப் பிடித்துக்கொண்ட வாடகையைத் திருப்பித் தரவேண்டும். ஒரு பக்கம். ஆங்கிலத்துறை நண்பர் ஒருவர் கடைசியில் பார்த்து நான்கு இடம் திருத்தினார். பிடித்த பணத்தில் பாதி வந்தது. மீதிக்கு இரண்டாம் கடிதத்தை அவரே எழுதினார். நான் பார்க்கவில்லை.

அவர் தேர்வு எழுதினார். வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லி முடித்தால் நன்றாக இருக்கும். இன்னும் கிடைக்கவில்லை. இப்போது புதுச்சத்திரத்தில் ஞாயிறு மாலை ஏழெட்டுப்பேர் கூடுகிறோம். லாரி பில், கோழித்தீவன மூட்டையில் அச்சடித்திருப்பது, காப்பீட்டுப் படிவம், வெளிநாட்டு வேலைக்கான ஒப்பந்தம் என்று அவரவர் கொண்டுவருகிறார்கள். முதலில் தமிழில் விவாதம். அப்புறம் ஆங்கிலத்தில் ஒரு பதில். சொல்ல ஏதாவது இருக்கிறவருக்கு மொழி வருகிறது என்பதை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். இருக்கிற வாசிப்பு வட்டங்கள் மாதத்தில் ஒரு ஞாயிறை இதற்கு ஒதுக்கலாம். பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தை மாற்றும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. சென்ற வாரம் மூன்றுபேர் வரவில்லை, லோடு இருந்ததாம். அதில் ஒருவர் ராய்ப்பூர் பக்கத்திலிருந்து ஒரு படிவத்தைப் படம் பிடித்து அனுப்பி, "எதுல கையெழுத்துப் போடக்கூடாதுங்க சார்?" என்று கேட்டிருந்தார். உட்கார்ந்து படித்தோம்.